முதியோர் பயணமும் இன்சூரன்ஸும்: நோயைச் சொல்லி வாங்குவதே சிக்கனம்



காசிக்கு வீசம் கூட விருத்தகாசி என்பது நம் ஊரார் பெருமையாகச் சொல்லும் சொல். பதினாறில் ஒரு பங்கு புண்ணியம் இங்கேயே அதிகம் என்றாலும், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்த பின் ஒரு முறையாவது கங்கையில் முழுக வேண்டும் என்ற ஆசை யாரையும் விடுவதில்லை. இப்போது அதோடு இன்னொரு பயணமும் சேர்ந்திருக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வர வேண்டும். மளிகைக்கடைக்காரரும் மண்டிக்காரரும் இன்று பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான்.

ஆனால் இப்படிப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, மூட்டு வலி இவற்றில் ஒன்றாவது கூடவே வருகிறது. வெளியூரில் உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் ஆகும் செலவு, நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த முதலையே தின்றுவிடக் கூடியது. சம்பளக்காரருக்குச் சேமிப்பு போகும். நமக்குக் கடையே போகும். ஆகவே இந்த இதழில் முதியோர் பயண இன்சூரன்ஸைப் பற்றி ஒரு பாடமாகவே எழுதுகிறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அல்லன். சரக்கை எடை போட்டு, மாதிரி பார்த்து வாங்கிப் பழகிய மொத்த வியாபாரி. அந்தப் பழக்கத்தை இங்கேயும் பயன்படுத்த முடியும் என்பதே என் எண்ணம்.

முதலில் ஒரே ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பீங்கான் சாமான்களை லாரியில் ஏற்றும்போது வைக்கோல் வைத்துக் கட்டுகிறோம். ரசீதில் 'உடையும் பொருள்' என்று எழுதச் சொல்கிறோம். அப்படி எழுதாமல் வெறும் 'சாமான்' என்று அனுப்பினால் கூலி குறையலாம். உடைந்து போனால் கேட்க வாய் இருக்காது. முதியவர் உடம்பும் உடையும் சரக்குதான். அதை மறைத்து மலிவாக வாங்கிய பாலிசி மலிவே அல்ல.

உள்நாட்டுப் பயணம்: தனிப் பாலிசி தேவைதானா?

காசி, கயா, ஹரித்துவார், திருப்பதி என்று இந்தியாவுக்குள் போகிறவர்கள் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், கையில் உள்ளதைப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே மெடிக்ளெய்ம் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு அது நாடு முழுவதும் செல்லும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில பாலிசிகளில் ஊர்களை மண்டலமாகப் பிரித்து, சிறிய ஊருக்குக் குறைந்த பிரீமியம் வாங்குவார்கள். அந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு டெல்லி, மும்பை போன்ற பெருநகரில் சிகிச்சை பெற்றால் பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டியிருக்கும். புறப்படும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜனவரி முதல் பொதுக் காப்பீட்டு கவுன்சில் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி கம்பெனியின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் ரொக்கமில்லாச் சிகிச்சை கேட்கலாம். அவசரமாகச் சேர்த்தால் 48 மணி நேரத்திற்குள் கம்பெனிக்குத் தகவல் தர வேண்டும்.

எழுபது வயது நிறைந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், வருமான வரம்பு எதுவும் இன்றி, 70 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வய வந்தனா அட்டை என்று பெயர். குடும்பத்து முதியோருக்குச் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை. முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். பிரீமியம் கிடையாது. தனியாரிடம் மெடிக்ளெய்ம் வைத்திருப்பவரும் சேரலாம். திட்டத்தில் உள்ள மாநிலங்களில், திட்டத்தோடு இணைந்த ஆஸ்பத்திரிகளில் மட்டும் செல்லும் என்பதால், போகும் ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்பதை 14555 என்ற எண்ணில் கேட்டுக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். ஆதார் அட்டையைக் கொண்டே பதிவு செய்யலாம். 'நாம் வியாபாரிகள், நமக்கு அரசாங்க அட்டை கிடைக்காது' என்று எண்ணிப் பலர் சும்மா இருக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல் அந்த எண்ணம் தவறு.

அடுத்து ரயில் இன்சூரன்ஸ். நம் ஊர் ஜங்ஷன். ரயிலில்தான் அதிகம் போகிறோம். ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக இணையத்தில் சீட்டு எடுக்கும்போது ஒருவருக்கு 45 பைசா கட்டினால் விபத்து இன்சூரன்ஸ் கிடைக்கிறது. ரயில் விபத்தில் உயிரிழந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம், பகுதி ஊனத்திற்கு ஏழரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. எல்லோரும் எடுக்க வேண்டியதுதான்; வாரிசுப் பெயரையும் மறக்காமல் பதிய வேண்டும். ஆனால் கவுண்டரில் வாங்கும் சீட்டுக்கு இது கிடையாது. ரயிலில் போகும்போது மாரடைப்பு வந்தாலோ சர்க்கரை இறங்கி மயங்கினாலோ இதில் பணம் வராது. இது விபத்துக்கு மட்டும்தான்.

எல்லை தாண்டினால் மெடிக்ளெய்ம் நின்றுவிடும்

இங்கேதான் யாத்திரைக்காரர்கள் தவறிவிடுகிறார்கள். நாம் வைத்திருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே. காசிக்குப் போனவர்கள் அப்படியே கோரக்பூர் வழியாக நேபாளம் சென்று முக்திநாத்தையும் பசுபதிநாதரையும் சேவித்துவிட்டு வருகிறார்கள். பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பதால் அது வெளிநாடு என்ற நினைப்பே வருவதில்லை. முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சுத் திணறி, ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுவர நேர்ந்தால் நம் மெடிக்ளெய்மும் வய வந்தனா அட்டையும் உதவாது. நேபாளத்திற்கும் இலங்கைக்கும் தனியாகப் பயணப் பாலிசி எடுக்க வேண்டும். உயரமான மலைப்பகுதிக்குச் செல்லுமா, ஹெலிகாப்டர் செலவு சேருமா என்பதையும் கேட்டு எடுக்க வேண்டும்.

அமர்நாத் யாத்திரைக்கு 13 முதல் 70 வயது வரை உள்ளவர்களையே மருத்துவச் சான்றோடு அனுமதிக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாச மானசரோவர் யாத்திரை 2020 முதல் நின்றிருந்து 2025இல் மீண்டும் தொடங்கியது; அதற்கும் 70 வயதுதான் மேல் வரம்பு. இந்த வரம்புகள் நம்மைத் தடுப்பதற்காக அல்ல. அந்த உயரத்தில் நம் இருதயம் படும் பாடு தெரிந்து வைத்தவை.

வெளிநாட்டுப் பாலிசியின் உள்ளே என்ன இருக்கிறது?

நம் நாட்டில் அரசுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1984இல் ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் என்ற பாலிசியைத் தொடங்கின. இன்று தனியார் கம்பெனிகளும் பல பெயர்களில் விற்கின்றன. ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியை வேறு இடத்துக்கோ ஊருக்கோ கொண்டுசெல்லும் செலவு, இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு இவை மூன்றும் முக்கியம். பெட்டி தொலைந்தது, விமானம் தாமதமானது என்பனவெல்லாம் கொசுறு. கொசுறைப் பார்த்துச் சரக்கு வாங்கக் கூடாது.

நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உளுந்து மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் யாரும் விலை சொல்வதில்லை. பாலிசியிலும் ஐந்து இடத்தில் குத்தூசி போட வேண்டும்.

ஒன்று, முன்பே உள்ள நோய். பாலிசி தொடங்கும் முன்பே டாக்டர் கண்டுபிடித்த, அல்லது நாம் மருந்து சாப்பிட்டு வந்த நோய். இதில் மூன்று ரகம் பாலிசிகள் உண்டு. முதல் ரகம், அந்த நோயால் வரும் எதற்கும் பணம் தராது. இரண்டாம் ரகம், அந்த நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் ஆபத்து நீங்கும் வரை மட்டும், அதுவும் ஒரு சிறு வரம்புக்குள் தரும். மூன்றாம் ரகம், கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அந்த நோய்க்கும் கணிசமாகத் தரும். முதியோர் கேட்க வேண்டியது மூன்றாம் ரகம். கிடைக்காவிட்டால் இரண்டாம் ரகத்தில் வரம்பு அதிகமானது. முதல் ரகம் சர்க்கரைக்காரருக்கும் இருதய நோயாளிக்கும் ஏறக்குறைய வெற்றுக் காகிதம்.

இரண்டு, உள்வரம்பு. மேலே 'ஒரு லட்சம் டாலர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே, குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள். எல்லா பாலிசியிலும் இது இல்லை. உள்வரம்பு இல்லாத ஐம்பதாயிரம் டாலர், உள்வரம்பு உள்ள ஒரு லட்சத்தை விடப் பயன்படலாம்.

மூன்று, டிடக்டிபிள் எனப்படும் கழிவு. மூட்டைக்குச் சாக்கு எடையைக் கழிப்பதுபோல, பில்லில் முதல் 100 டாலரோ அதற்கு மேலோ நாம் ஏற்க வேண்டும். கழிவு கூடினால் பிரீமியம் குறையும்.

நான்கு, எந்தெந்த நாடு, எத்தனை நாள். அமெரிக்கா, கனடா சேர்ந்தால் பிரீமியம் அதிகம். அவை நீங்கலாக என்றால் குறைவு. ஆசிய நாடுகள் மட்டும் என்றால் இன்னும் குறைவு. பெரும்பாலான பாலிசிகளை இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

ஐந்து, எப்போது பணம் கிடையாது. டாக்டர் 'போகாதே' என்று சொல்லியும் போனால் கிடையாது. சிகிச்சைக்காகவே வெளிநாடு போனால் கிடையாது. மது அருந்தியதால் வந்த கேட்டுக்கும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ஒருவர் ஒரு லட்சம் டாலர் பாலிசியில் அமெரிக்கா போகிறார். முன்பே உள்ள நோய்க்கு வரம்பு 10 ஆயிரம் டாலர். இருதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பில் 40 ஆயிரம் டாலர் ஆகிறது. கம்பெனி தருவது 10 ஆயிரம். மீதி 30 ஆயிரம். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 27 லட்சம் ரூபாய் கடையிலிருந்து போக வேண்டும். 'ஒரு லட்சம் டாலர்' என்ற எழுத்து அவரைக் காப்பாற்றவில்லை. சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்த உள்வரம்பை உயர்த்தியிருந்தால் காப்பாற்றியிருக்கும்.

சொன்னவரும் சொல்லாதவரும்: இரண்டு தீர்ப்புகள்

நோயைச் சொன்னால் பிரீமியம் கூடும், அல்லது பாலிசியே கிடைக்காது என்ற பயம் நம்மிடம் உண்டு. அது நியாயமான பயம்தான். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒருவர் 2009 மே மாதம் யுனைடெட் இந்தியா கம்பெனியில் ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் எடுத்து அமெரிக்காவுக்கு ஒரு திருமணத்திற்குப் போனார். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்பே சொல்லியிருந்தார்; மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே பாலிசி தரப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் கேட்ட தொகை 2 லட்சத்து 29 ஆயிரம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பிலேயே ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். கொழுப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையைச் சொல்லவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களைக் காட்டிக் கம்பெனி மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2015இல் அவர் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சர்க்கரை நோய் இருப்பதை அறிந்தே பாலிசி கொடுத்த பிறகு, அதையே காரணமாக்கி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வட்டியோடு பணம் தர உத்தரவாயிற்று.

மற்றொரு வழக்கு பயணப் பாலிசி அல்ல, சாதாரண மெடிக்ளெய்ம். 1990இல் எடுத்த பாலிசி. எடுத்தவருக்குச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் முன்பே இருந்தன; படிவத்தில் சொல்லவில்லை. அவர் இறந்த பின் மனைவி பணம் கேட்டார். கம்பெனி மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009 ஜூலையில் முடிவு செய்தது. பாலிசி எடுப்பவர் தமக்குத் தெரிந்த நோயைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது.

சொன்னவருக்குப் பணம் கிடைத்தது. சொல்லாதவர் குடும்பத்திற்குக் கிடைக்கவில்லை. முதல் வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நோயைச் சொன்னவரே பன்னிரண்டு ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது. அதற்கு இடம் கொடுத்தவற்றுள் ஒன்று ஒரு மாத்திரை. ஆகவே நோயின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையையும் எழுதிவிட வேண்டும்.

இங்கே ஒரு விளக்கம். 2024இல் வந்த விதிப்படி உள்நாட்டு மெடிக்ளெய்மில் முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'முன்பு சொல்லவில்லை' என்று மறுக்க முடியாது. இதைக் கேட்டுவிட்டுப் பயணப் பாலிசியிலும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். பயணப் பாலிசியின் ஆயுளே மூன்று மாதம், ஆறு மாதம். காத்திருந்து கழிக்கக் காலமே இல்லை. முதல் நாள் எழுதியதுதான் கடைசி வரை.

நாட்டுக்கு நாடு விதி வேறு

ஐரோப்பாவில் ஷெங்கன் விசா நாடுகள் 29. அங்கே போகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காகக் காட்டும் குறைந்தபட்சத் தொகை அது. நம் நோய்க்குச் செல்லுமா என்பது வேறு கேள்வி.

கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் சூப்பர் விசாவில் போகும் பெற்றோர் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குக் காப்பீடு காட்ட வேண்டும். கனடா கம்பெனியாக இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் அந்நாட்டு நிதி நிறுவன மேற்பார்வை அலுவலகத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியும் ஆகும். அங்குள்ள பாலிசிகளில் பல, நோய் 'நிலையாக' இருந்தால் அதற்கும் பணம் தரும். நிலையாக என்றால் 90 நாள் அல்லது 180 நாள் போல ஒரு காலத்திற்கு மருந்தோ அளவோ மாறாமல், புதிய தொந்தரவு வராமல் இருப்பது. முன்னதாகத் திரும்பிவிட்டால், கிளெய்ம் எதுவும் கேட்காதவர்களுக்கு மீதி நாளுக்குப் பணம் திருப்பித் தரும் பாலிசிகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகமான நாடு அது. அங்குள்ள கம்பெனிகள் பார்வையாளருக்கு விற்கும் பாலிசிகளைப் பிள்ளைகள் அங்கிருந்தே வாங்கித் தரலாம். அவற்றில் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தருவது ஒன்று; கழிவு போக மொத்த வரம்பு வரை பில்லில் பெரும்பகுதியைத் தருவது மற்றொன்று. முதல் வகை மலிவு, ஆனால் பில் பெரிதானால் கைவிடும். முன்பே உள்ள நோய் எந்த முன்னறிகுறியும் இன்றித் திடீரென முற்றினால் மட்டும் தரும் பாலிசிகளே அதிகம். அந்தச் சலுகையும் பலவற்றில் 70 அல்லது 80 வயதோடு நின்றுவிடும். அதன் பிறகு இருந்தாலும் தொகை குறைந்துவிடும். வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரி எல்லோருக்கும் இலவசம் என்பது தவறான எண்ணம். அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பது இலவசம்; உள்ளே சேர்த்துவிட்டால் காப்பீடு இல்லாத வெளிநாட்டுப் பார்வையாளரிடம் இங்கிலாந்தில் செலவின் ஒன்றரை மடங்கு வசூலிக்கிறார்கள். சிங்கப்பூரில் அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பார்வையாளராகப் போன தாய் தந்தையருக்கு இல்லை.

கட்டுபடியாக வாங்க எட்டு வழிகள்

1. பயணத்திற்கு மூன்று, நான்கு மாதம் முன்பே டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்யுங்கள். மருந்து மாற்ற வேண்டியிருந்தால் அப்போதே மாற்றி, உடம்பு நிலைப்பட்ட பின் புறப்படலாம். பாலிசிக்காக மருந்து மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

2. குறைந்தது மூன்று கம்பெனிகளில், அரசுக் கம்பெனி ஒன்றையும் சேர்த்து, ஒரே வயது, ஒரே நோய், ஒரே நாட்களுக்கு விலை கேளுங்கள். படிக்கல் ஒன்றாக இருந்தால்தான் தராசு நேராக நிற்கும்.

3. கணவன் மனைவிக்குச் சேர்த்தும் தனித்தனியாகவும் விலை கேளுங்கள். ஒருவருக்கு நோய் அதிகம், மற்றவருக்குக் குறைவு என்றால் தனித்தனியாக எடுப்பது சில சமயம் இலாபம்.

4. பிரீமியம் வயதுப் படிகளில் ஏறுகிறது. எழுபது நிறைவதற்கு இரண்டு மாதம் இருக்கிறதென்றால் பயணத்தை முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

5. சிறு செலவை நாமே ஏற்போம் என்று கழிவைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்கலாம். பெரிய செலவுக்கான வரம்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்கக் கூடாது. சில்லறை நஷ்டத்தைக் கடை தாங்கும். மொத்த நஷ்டத்தைத் தாங்காது.

6. பெட்டி, விமானத் தாமதம் முதலியன இல்லாத, மருத்துவத்திற்கு மட்டுமான பாலிசி உண்டா என்று கேளுங்கள்.

7. நாட்களைச் சரியாகக் கணக்கிடுங்கள். போகும் நாளும் வரும் நாளும் சேர வேண்டும். ஆறு மாதத்திற்குப் பதில் மூன்று மாதம் போய்வந்தால் பிரீமியமும் குறையும், உடம்புக்கும் நல்லது.

8. ஊரில் உள்ள மெடிக்ளெய்ம் பாலிசியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உயிர் ஆபத்து நீங்கியதும் ஊருக்குத் திரும்பி வைத்தியத்தைத் தொடர அது வேண்டும். அறுபது கடந்தவர்களின் மெடிக்ளெய்ம் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்திற்கு மேல் உயர்த்துவதானால் கம்பெனி ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

படிவமும் பெட்டியும்

பயண ஏஜெண்ட் டிக்கெட்டோடு சேர்த்து இன்சூரன்ஸும் போட்டுத் தருவார். 'நோய் உண்டா' என்ற இடத்தில் நம்மைக் கேட்காமலே 'இல்லை' என்று குறித்துவிடுவதும் நடக்கும். வெளிநாட்டில் உள்ள மகன் கம்ப்யூட்டரில் நிரப்பும்போதும் அப்படியே. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தது ஞாபகம் இருக்கும், சர்க்கரை மாத்திரையின் பெயர் தெரியாது. ஆகவே படிவத்தை நாமே படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு, நோய், ஆபரேஷன், மாத்திரை எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்று கடைப் பெட்டியில் இருக்கட்டும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோய், எத்தனை ஆண்டாக இருக்கிறது, மருந்தின் வேதிப்பெயர், அளவு, பயணத்திற்குத் தகுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருந்துகளைத் தேவைக்குச் சற்று அதிகமாக, கைப்பையில் கொண்டுபோங்கள். பாலிசி எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் சட்டைப்பையிலும், கூட வருபவரிடமும், போய்த் தங்கும் வீட்டிலும் இருக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன், முடிந்தால் அதற்கு முன்பே, அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். தாமதமாகச் சொல்வது மறுப்பதற்கு ஒரு சாக்காகிவிடும். பில், மருந்துச் சீட்டு, விமானச் சீட்டு எதையும் எறியக் கூடாது.

மறுத்துவிட்டால்

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா முறையீட்டுக்கு 155255 என்ற எண் இருக்கிறது. அதன் பின் சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழியும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது, படிவத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைத்தான்.

விசா கிடைக்காமல் பயணம் நின்றுவிட்டால், பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே தெரிவித்தால், சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு பிரீமியத்தைத் திருப்பித் தரும் கம்பெனிகள் பல. அந்தப் பணத்தை வீணாக விட்டுவிட வேண்டாம்.

நம் கடையில் ஒரு டின் எண்ணெய் வாங்கும் வாடிக்கையாளர் கூட மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார். நம் உயிருக்கும் நம் முதலுக்கும் வாங்கும் காகிதத்தை நாம் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியில் வைப்பது வியாபாரிக்கு அழகல்ல. இந்த ஆண்டு பயணம் போக எண்ணியிருக்கும் உறுப்பினர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் தம் நோய்களையும் மாத்திரைகளையும் வரிசையாக எழுதிவிடுங்கள். பாலிசி வாங்கும் வேலை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.